மீனா இறங்கிய ஸ்டேஷன்

டிசம்பர் 8, திங்கள்

காலையில் குளிர். யாங்கோனுக்கு இதுவே பெரிய குளிர். கரண்ட் விடியுமுன் வந்து சீக்கிரமே போய்விட்டது. தண்ணீர் ஏற்றியாயிற்று. சட்டை இஸ்திரி போடவில்லை.

மீனா போன். ஜப்பானில் வேலை மாற்றம். நாளை புது ஊர், வடக்கே மலைப்பக்கம், முதியோர் இல்லம். தனியாக ரயிலில் போகிறாளாம். "ஒரே ஒரு பெட்டி வச்ச ரயில்தான்பா. பனி முழங்கால் வரைக்கும் கெடக்காம்." சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனைவி கின் அடுப்படியிலேயே. மகள் தன் பேச்சைக் கேளாமல் ஜப்பான் போனதிலிருந்து போனைக் கையில் வாங்குவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல். ஆனால் மீனா குரல் கேட்டால் மட்டும் குழாயை மூடிவிடுகிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஊரைச் சுற்றும் வட்ட ரயிலில், லத்தா பேட்டையில் வேலை பார்க்கும் கடைக்கு. நல்ல கூட்டம். பெட்டி ஜப்பானில் ஓடித் தேய்ந்தது. ஜன்னலுக்கு மேல் இன்னும் அவர்கள் எழுத்து. மீனாவும் இந்நேரம் இப்படி ஒன்றில் உட்கார்ந்திருப்பாள்.

மதியத்துக்குள் "வந்துட்டேன்பா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கூப்பிட்டால் போன் அணைந்திருக்கிறது. பிறகு அவள் பழைய ஊர் அறைத்தோழி ஜப்பானிலிருந்து பேசினாள்: "அங்க்கிள், மீனா இன்னும் வரலைன்னு இல்லத்துலேர்ந்து கேக்குறாங்க. உங்ககிட்ட பேசினாளா?"

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்கு. ரயிலுக்குக் காத்திருக்க முடியவில்லை, டாக்சி. கின்னிடம் சொன்னேன். அழவில்லை. "கனமான கோட்டு வச்சிருக்காளா?" என்று பர்மியத்தில் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சாமி படத்துக்கு முன் நான், புத்தர் மாடத்துக்கு முன் அவள். வேறென்ன செய்வது.

சாயங்காலம் போன் அடித்தது. திரையில் யாரோ ஒரு ஜப்பான்கார அம்மா. தலையில் துணி, சிவந்த கன்னம், கின் வயசுதான் இருக்கும். பின்னால் மர பெஞ்சு, எண்ணெய் அடுப்பு. பக்கத்தில் மீனா, கண் வீங்கி.

"அப்பா, நல்லாத்தான் இருக்கேன். ஒரு ஸ்டேஷன் முன்னாலயே எறங்கிட்டேன்."

ரெண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே பெயராம். ஒன்றுக்கு முன்னால் மட்டும் 'மேல்' என்று ஓர் எழுத்து கூடுதல். இவள் கவனிக்கவில்லை. டிக்கெட்டை வாங்கிப் பார்க்க ஸ்டேஷனில் ஆளில்லை, சுற்றிலும் கடையில்லை, அடுத்த வண்டி இருட்டிய பிறகுதான். குளிரில் போன் செத்துவிட்டது. உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். இந்த அம்மா எதிர்வீடு. ஸ்டேஷன் வாசலில் பனி தள்ள வந்தவர் பார்த்திருக்கிறார். அடுப்பு மூட்டி, இல்லத்துக்குப் பேசி, மீனாவின் போனை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சார்ஜ் போட்டுத் தந்திருக்கிறார்.

"ஒன் அம்மாகிட்ட நானே சொல்லணும்ங்குறாங்கப்பா. அம்மா எங்கேன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

போனைக் கின்னிடம் நீட்டினேன். கட்டியிருந்த லோஞ்சியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

அந்த அம்மா ஜப்பானியத்தில் நிறையச் சொன்னார். கின் திரையையே பார்த்தாள். கடைசியில், "என்ன சொல்றாங்க?" என்றாள். பதில் சொல்ல மீனா ஒருத்திதான். அம்மாவை அவள் மேமே என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் ரெண்டு சோத்துருண்டை சாப்பிட்டேனாம், மேமே. காலு நனைஞ்சிருந்திச்சு, அவங்க காலுறைய குடுத்துட்டாங்க. வண்டி வர்ற வரைக்கும் கூடவே இருப்பாங்களாம். நீங்க பயப்பட வேணாமாம்."

"அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கான்னு கேளு."

"ஒரே மகனாம். தூரத்துல வேலையாம். புது வருஷத்துக்குத்தான் வருவானாம்."

கின் போனை அலமாரியில் சாய்த்து வைத்தாள். பிறகு "சேசூ தின் பாதே" என்று நன்றி சொல்லித் தலை தாழ்த்திக் கும்பிட்டாள். அந்த அம்மாவும் குனிந்தார். இவள் மறுபடி. அவர் மறுபடி. யார் முதலில் நிறுத்துவது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே கின் குரல்: "ஈர ஷூவ மறுபடி மாட்டாதே. காகிதம் திணிச்சு வை."

டிசம்பர் 10, புதன்

மீனா நேற்றே போய்ச் சேர்ந்தாள். வண்டி கிளம்பி மறையும்வரை அந்த அம்மா பனியில் நின்று கையசைத்தாராம்.

கோயிலில் தேங்காய் உடைத்தேன். கின் பகோடாவுக்குப் பூவோடு போனாள். இருவரும் அந்த அம்மாவுக்காகத்தான். பெயர் கேட்க மறந்துவிட்டோம். மீனா சொல்லியிருப்பாள், என் காதில் விழவில்லை.

அவருக்கு அனுப்ப வேண்டியவை: ஊறவைத்த லப்பெட் தேயிலை, முகத்தில் அரைத்துப் பூசும் தனக்கா கட்டை, கம்பளிச் சால்வை. த்வாண்டே ஊர் மண்பானை ஒன்று என்றேன். "ஒடைஞ்சுதான் போய்ச் சேரும்" என்றாள் கின். சரிதான்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். கடை லீவு. கரண்ட் இருக்கிறது.

மீனா கூப்பிட்டாள். என்னிடம் "சாப்டீங்களா" என்று மட்டும். உடனே கின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்கு. சோறு நானே வடித்தேன், கொஞ்சம் குழைந்துவிட்டது. சாப்பிட வரச் சொல்லி ரெண்டு தடவை கூப்பிட்டாயிற்று. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.