கோலமாவில் போட்ட மனைகள்

முத்தாபுதுப்பேட்டை,
தை 5.

அன்புள்ள தம்பி சம்பந்தத்துக்கு,

அக்கா தாட்சாயிணி எழுதுவது. நாக்பூரில் நீயும் சுதாவும் பிள்ளைகளும் சுகம்தானே? என் முழங்கால் வலி இரண்டு நாளாக எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவ்வளவு உற்சாகத்தில் இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், அதனால் கடிதம்.

கார்த்திகை வெள்ளத்துக்குப் பிறகு, ஏரியை விரிவாக்க நம் தெருவை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி போகும் வழியில் மேட்டு நிலத்தில் வீட்டுக்கொரு மனை தருவதாக அரசாங்கத்தில் சொன்னார்கள் அல்லவா? இரண்டு மாதமாக அதே வாக்குவாதம். குலுக்கலில் மனை விழுந்தால் பக்கத்து வீட்டில் யார் வருவார்களோ என்பதுதான் எல்லோருக்கும் பயம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் ஓர் உதாரணம் சொன்னேன். பள்ளிக்கூடம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது ஐந்தாம் வகுப்பைப் பழைய வரிசையிலேயே உட்கார வைத்தேன். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அதுபோல, கதவிலக்க வரிசையிலேயே மனை கேட்போம் என்றேன். முப்பத்தாறு வீடும் கையெழுத்திட்டால் குலுக்கல் வேண்டாம் என்று கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரியும் ஒத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. கோயில் வாசலில் கோலமாவால் மனைகளை வரைந்தேன். அவரவர் கட்டத்தில் போய் நின்றார்கள். தெருவில் முதல் வீடு நம்முடையதாயிற்றே, மேட்டு மூலையில் முதல் கட்டம் நமக்கு.

கடைசி வீட்டு ராஜம்மா மட்டும் நிற்கவில்லை. வெள்ளத்தில் கூரைவரை மூழ்கிய வீடு அவளுடையது. தன் கட்டத்தை ஒட்டிப் போகும் கோடு என்ன என்று கேட்டாள். மழைநீர்க் கால்வாய் என்றேன்.

"அங்கியும் தண்ணி மொதல்ல எங்க ஊட்டுக்குத்தான் வரணுமா டீச்சரம்மா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அன்று வகுப்பில் யாரும் அழவில்லை என்பதைப் பார்த்தேனே தவிர, யார் கடைசி பெஞ்சிலேயே இருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

கோலத்தை அழித்து, கதவிலக்க வரிசையை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். பக்கத்து வீடு பக்கத்து வீடாகவே இருக்கும். ராஜம்மா மேட்டு மூலைக்குப் போவாள். நாம் கால்வாய் ஓரம். இரண்டாம் வீட்டுக் கங்காதரன் மாமா முகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, முதல் வீடு கையெழுத்துப் போட்டால் நானும் போடுகிறேன் என்றார். மேட்டு வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அப்போது ராஜம்மாவின் வீட்டுக்காரர் முனியன் சொன்னார்:

"பட்டாவுல பாதி உன் தம்பியோடது டீச்சரு. நாக்பூர்ல குந்திக்கினு அவரு இன்னா சொல்வாரோ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நம் மனைக்கு நாலடி உயரத்துக்கு மண் கொட்டி அஸ்திவாரம் போடலாம், நம்மால் முடியும். மாடியில் உனக்கொரு அறை. நம் தெருக்கோடிப் பள்ளத்தை வீடு கட்ட ராஜம்மா குடும்பத்துக்குக் காட்டிவிட்டது நம் தாத்தாதான் என்பதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சம்மதப் படிவம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்தில் கையெழுத்திட்டு, தை முடிவதற்குள் கிடைக்கும்படி அனுப்பு. என் கையெழுத்துக்கு அடியில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். வரும் ஐப்பசியில் மழை கொட்டும்போது, நம் தெருவில் யாரும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்காமலிருக்க வேண்டும்.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
அக்கா,
தாட்சாயிணி