முதல் குடித்தனம் பால் காய்ச்ச வருது

அம்மா,

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இன்னொரு வீடு வெலைக்கு வருது, பாத்துட்டு வாரேன். நம்ம வீட்டுக்கு வாடகைக்கு வாரவிய பத்து மணிக்குப் பால் காய்ச்ச வருவாவ. நீ எதுக்க நிக்காத. தாலி அறுத்தவ கையால சாவி வாங்க அவியளுக்குச் சங்கடமா இருக்கும். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி அக்காட்ட சாவியைக் குடுத்துட்டு ஒம்பது மணி பஸ்ஸப் பிடி. இனி நீ தளவாய்புரம் சித்தி வீட்லதான்.

வீடு உன் பேர்ல இருக்குன்னு நேத்து தெருவே கேக்கக் கத்துன. இருந்துட்டுப் போகட்டும். வாடகைக்கு விடுற தொழில்ல இப்பதான் எறங்குறேன். மொத வீட்லயே அபசகுனம் வேண்டாம்.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. தின்னுட்டுப் போ.

முருகானந்தம்

அப்பா படத்தைக் கழட்டி உன் துணிப்பையில வச்சிட்டேன். ஆணியைப் பிடுங்கல. அவிய காலண்டர் மாட்டிக்கிடுவாவ.