முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் அண்ணன் சொன்னான். அவன் சொல்வதை நம்புகிற நிலையில் இப்போது நான் இல்லை, அதனால் நீயே உன் கையால் எழுது, அப்போது நம்புகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ எனக்கு ஒரு அநியாயம் செய்திருக்கிறாய், அதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மாதம் நீ இருக்கிறாயா இல்லையா என்றே தெரியாமல் இரண்டு நாள் போயிருக்கிறது. உன் அலுவலகத்துக்குத் தெரியும், உன் அண்ணனுக்கும் அண்ணிக்கும் தெரியும், எனக்கு ரத்தக்கொதிப்பு பார்க்கிற டாக்டருக்குக்கூடத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனவள் நீ. போனில் இதைக் கேட்டால் லைன் சரியில்லை அப்பா என்பாய். கடிதத்தில் அந்தச் சாக்கு செல்லாது, அதனால் எழுதுகிறேன்.

சண்டை நடக்கிற ஊர்களில் படம் எடுக்கப் போனால் நீ காலையில் ஒரு முறை, வெளிச்சம் போவதற்குள் ஒரு முறை அலுவலகத்தைக் கூப்பிட வேண்டும், கூப்பிடாவிட்டால் அவர்கள் வீட்டுக்குச் சொல்வார்கள் என்று நீதான் எனக்கு விளக்கியிருக்கிறாய். வீடு என்றால் அப்பா என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் உன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ போன வண்டி வந்து சேரவில்லை, அந்தப் பக்கம் குண்டு விழுந்திருக்கிறது, ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க முகம் தெளிவாக இருக்கிற படம் ஒன்று வேண்டும் என்று அந்த அலுவலக அம்மாள் கேட்டிருக்கிறார். அவன் நேராக என் பிரேம் கடைக்கு வந்தான். நான் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் இருக்கிறதா அப்பா என்றான். எதுக்குடா என்றேன். ஆபீசில் கேட்கிறார்கள் என்றான். பார், ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம்.

உன் படத்தைத் தேடினால் கிடைக்கவே இல்லை. இந்த வீட்டில் இருக்கிற எல்லாப் படமும் நீ எடுத்தது, எதிலும் நீ இல்லை. கடைசியில் மேசையின் அடி இழுப்பறையில் ஒன்று அகப்பட்டது. நீ புது கேமரா வாங்கி வந்த அன்று, பக்கத்துக் கடைத் தையல்காரர் நானும் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டு வாங்கி எடுத்தாரே, அது. கடை வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சீக்கிரம் எடுங்க மாமா, கை ஆடுது பாருங்க என்று நீ அவரைத் திட்டிக்கொண்டிருக்கும்போது விழுந்த படம். உன் அண்ணன் அதை மேசைமேல் வைத்து போனில் பிடித்துக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், காதில் விழாதவன் போலப் போனான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கு ஏதோ விருது கொடுக்கப் போகிறார்கள், பேப்பரில் போடப் படம் கேட்கிறார்கள், உறுதியான பிறகு சொல்லலாம் என்று இவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். தையல்காரரிடம் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, விருது அவளுக்கு இருக்கட்டும் அண்ணே, அவளைப் படம் எடுத்தது நான், எனக்குப் பாதி வரணும் என்றார். அன்று பூராவும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

என் கடை வழக்கம் உனக்குத் தெரியும். பிரேம் போட யார் எந்தப் படத்தைக் கொண்டுவந்தாலும் அளவு எடுப்பதற்கு முன்னால், இவங்க இருக்காங்களா என்று மெதுவாகக் கேட்பேன். இருந்தால் வெளிர் மரம், இல்லையென்றால் கறுப்பு. உன்னுடைய அந்தப் பெரிய படத்தை நீ கொண்டுவந்தபோதும் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர், அப்போதுதான் செய்தி சொல்லியிருக்கிறார்கள், பின்னால் நாற்காலி சாய்ந்து கிடக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை. இருக்காராம்மா என்றேன். "அவர் இருக்கார்ப்பா. அவர் பையன்தான் இல்லை" என்றாய். வெளிர் மரத்தில்தான் போட்டுக் கொடுத்தேன். ஆனால் இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை. சொந்த மகளின் படத்துக்கு யார்தான் கேட்பார்கள்? நீ வெயிலில் நிற்கிற படம், வெளிர் மரத்தில் அடங்கிப்போனது. விருதுப் படமாயிற்றே, எடுப்பாக இருக்கட்டும் என்று கறுப்பை எடுத்து வைத்துப் பார்த்தேன், உன் முகம் அப்படியே முன்னால் வந்தது. கடை வழக்கத்தை நானே மீறி, நல்ல கறுப்பு மரத்தில், மூலைகளில் ஒரு மயிரிழை தெரியாமல் சேர்த்து, கண்ணாடியை இரண்டு தரம் துடைத்துப் போட்டு முடித்தேன். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். அதை நினைத்தால் இப்போது வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணிதான் கதவைத் திறந்தாள். துணியை விலக்கிக் காட்டினேன். அவள் என் கடையில் கணக்கு எழுதிய பெண், கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். முகம் வெளுத்துப்போய், "மாமா, உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள். "யார் சொல்லணும், எனக்கே தெரியாதா?" என்றேன் பெருமையாக. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். நான் விருதை நினைத்துக்கொண்டு நிற்கிறேன், அவள் உன்னை நினைத்து அழுகிறாள். விருது கிடைத்தால் யாராவது அழுவார்களா, எழுந்திரு என்று நான் சிரித்ததும் அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சந்தோஷத்துலதான் மாமா என்றாள். நேரத்துக்குச் சாப்பிடு, அதான் உனக்கு இப்படி வருகிறது என்று புத்தி சொல்லிவிட்டு, கூடத்தில் ஆணி அடித்து நானே அதை மாட்டிவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த நாள் நீ கிடைத்துவிட்டாய். இடிந்த கட்டடத்தின் நிலவறையில் இருந்தாய், போன் நொறுங்கிப்போனது, ஓட்டுநருக்குக் காலில் அடி, அவரை விட்டுவிட்டு நீ வெளியே வரவில்லை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று உன் அண்ணன் கடைக்கு வந்து, மீசை முளைத்த பிறகு என்னைத் தொட்டே பேசாதவன், என்னைக் கட்டிக்கொண்டான். என்னடா, கடன் கேட்கப் போகிறாயா என்றேன். நீயும் என்னிடம் பேசினாய், சாப்பிட்டீங்களா அப்பா என்று கேட்டாய். குரல் கம்மியிருந்தது, தூசி அப்பா என்றாய்.

எனக்குச் சொன்னவர் டாக்டர். எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிக்கொண்டே, பரவாயில்லையே, பொண்ணைக் காணோம்னு அந்த ரெண்டு நாளைத் தாங்கினீங்களே என்றார். எந்த ரெண்டு நாள் என்றேன். பட்டையின் காற்றை இறக்கிவிட்டு முழுவதையும் சொன்னார். உன் அண்ணன் முதல் நாளே அவரிடம் போய், அப்பாவுக்குச் சொன்னால் தாங்குவாரா என்று கேட்டிருக்கிறான். தாங்குவேனா மாட்டேனா என்று ஊரெல்லாம் விசாரித்திருக்கிறான், என்னை விட்டுவிட்டு.

அவன் வீட்டுக்குப் போய் அவனை நிறுத்திக் கேட்டேன். முதலில் பழியை உன்மேல் போட்டான். உறுதியாகத் தெரிகிற வரைக்கும் அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று நீ சத்தியம் வாங்கியிருக்கிறாயாம். பிறகு, "சொல்லியிருந்தா நீங்க என்னப்பா பண்ணியிருப்பீங்க?" என்றான். "பயந்திருப்பேன். அது என் வேலை, அதை நீ எதுக்குடா எடுத்துக்கிட்டே?" என்றேன். அவனும் பாவம்தான், இரண்டு நாளில் இரண்டு வருஷம் கூடியவன் போல இருக்கிறான். ஆனாலும் நான் அவனை மன்னிக்கவில்லை, அதை அவனுக்கும் சொல்லிவிட்டேன்.

உன் தொழிலோடு எனக்குச் சண்டை இல்லை. போகாதே என்று ஒரு காலத்தில் சொன்னேன், நீ கேட்கவில்லை, அந்தப் பேச்சு முடிந்தது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. படத்துக்குப் பின்னால் ஒட்டுகிற பழைய பேப்பரைப் படித்துப் படித்துத்தான் எழுத்து வந்தது, அப்படியே உன் தொழிலையும் படித்துக்கொண்டேன். புழுதியில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் இரண்டு கேமரா. மார்புக் கவசத்தில் ரத்த வகையை எழுதி ஒட்டுவது. ரத்தத்தை நிறுத்துகிற பட்டையை எந்தக் கைக்கும் எட்டுகிற இடத்தில் வைப்பது. ராணுவத்துக்காரன் உடுப்பு நிறத்தில் எதையும் போடாதது. வேண்டாம் என்று ஒருவர் கையைக் காட்டினால் கேமராவை இறக்குவது. படம் எடுத்து முடித்த பிறகு அவர்களிடமே போய்ப் பெயரும் வயதும் கேட்பது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்று நீ சொன்னாய். அந்த ஆஸ்பத்திரி வாசல் மனிதரிடமும் கேட்டாயே, மகன் பெயரை அவர் இரண்டு முறை எழுத்துக் கூட்டிச் சொன்னார் என்றாயே. ஏன் அந்த நேரத்தில் போய்க் கேட்கிறாய் என்று நான் கோபப்பட்டபோது, எங்களுக்குத் தெரியாது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது அப்பா, அதுக்குத்தான் இந்த வேலை என்றாய். எவனோ எங்கோ உட்கார்ந்து காலையில் பேப்பர் படிக்கிறவனுக்கெல்லாம் தெரிய வேண்டும். உன் அப்பனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். இது எந்த ஊர் நியாயம்? அந்த மனிதருக்காவது நின்ற இடத்தில் நேருக்கு நேர் சொன்னார்கள். நான் ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்.

பிரேமைக் கழற்றிவிட்டேன். மரத்தைச் சீவிப் பார்த்தேன், வேறு எதற்கும் வைக்க மனம் வரவில்லை, உடைத்துப் போட்டேன். ஆனால் அதோடு போகவில்லை. தெருவில் இன்னும் யாராவது, பொண்ணு விருது என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். உன் அண்ணன் சிரித்தபடி கடைக்குள் வந்தால், மறுபடியும் படம் கேட்டு வந்திருக்கிறானோ என்று அவன் கையைப் பார்க்கிறேன். அண்ணி என் தட்டில் கூடக் கொஞ்சம் வைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. தையல்காரர் ஏதோ சொல்லி நானும் சிரித்துவிட்டால், சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது, இதுவும் அந்த மாதிரி ஒரு நாளோ என்று. இதுதான் நீ எனக்குச் செய்தது. கெட்ட செய்தியை மறைத்தாய் என்று நீ நினைக்கிறாய். நீ எடுத்துக்கொண்டது என்னுடைய சாதாரண நாட்களை. கெட்டது நடந்தால் முதலில் எனக்குத்தான் சொல்வார்கள் என்று இருந்தால், யாரும் ஒன்றும் சொல்லாத நாள் நல்ல நாள் என்று நம்பி நான் வேலையைப் பார்ப்பேன். இப்போது எனக்கு எந்த நாளும் நல்ல நாள் இல்லை.

உன்னோடு இருந்த ஓட்டுநருக்குக் கால் எப்படி இருக்கிறது? அவருக்கு அப்பா இருந்தால் அவரிடம் யார் சொன்னார்கள்? விசாரித்து எழுது. பிஸ்கட்டையே தின்றுகொண்டு காலத்தை ஓட்டாதே. ஈரக் காலுறையைக் கழற்றாமல் தூங்குகிற பழக்கத்தை விடு. அண்ணன் மகளுக்கு முன்பல் விழுந்து, ஊதலே வராமல் விசில் பழகுகிறாள். கடைக் கூரை ஒழுகுகிறது, பலகைகளை எல்லாம் இந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறேன். உன் கண்ணும் கையும் எப்போதும் திடமாக இருக்கட்டும், எடுக்கப் போன படத்தோடு நீயும் திரும்பி வா, நீடூழி வாழ்.

இனி நடக்க வேண்டியது. நீ இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே அலுவலகத்தில் சொல்லி அண்ணனின் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைக் கொடுக்க வேண்டும். அவனிடம் வாங்கிய சத்தியத்தை நீயேதான் போனில் திருப்பி எடுக்க வேண்டும், நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான். அலுவலகத்தார் பேசும் இங்கிலீஷை உன் அண்ணன் எனக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மட்டும் வர வேண்டும், வடிகட்டிச் சொல்ல வரக்கூடாது. அண்ணி என் முன்னால் அழலாம், மறைக்க வேண்டாம். டாக்டர் என் ரத்தக்கொதிப்பை மட்டும் பார்க்கட்டும். அந்த அலுவலக அம்மாள் உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்கக் கூடாது, நீ கூப்பிடாத முதல் முறையே கடை போனுக்குக் கூப்பிட வேண்டும், ரம்பம் ஓடும்போது எனக்குக் காது கேட்காது, அதனால் வெகுநேரம் அடிக்க விட வேண்டும், எடுத்ததும் உட்காருங்கள் என்று சொல்லக் கூடாது. நான் நின்றுகொண்டே கேட்பேன். பிறகு ரம்பத்தை நிறுத்திவிட்டு, நீ கிடைக்கும்வரை பயப்படுவேன். அதை எனக்குப் பதிலாக வேறு யாரும் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா