வெள்ளிக்கிழமைக் கால் மணி நேரம்

மார்ச் 4, புதன்

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சூப்பர்வைசராகப் பதினோரு வருஷம் ஓட்டிவிட்டேன். இன்றைக்குப் போல மானம் போனதில்லை. குழந்தைகள் வார்டுக்குப் பெரியவர்களின் பைஜாமா போயிருக்கிறது. ஆண்கள் வார்டில் ஆறடி மனிதர் ஒருவர், கரடிப் படம் போட்ட சட்டையைத் தொப்புள்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

மூட்டைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போவது வண்டியக்கா. இரண்டாவது மெமோ கொடுத்தேன். மூன்றானால் வேலை போய்விடும். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “ஒண்ணும் பேசாதீங்க” என்றேன்.

மார்ச் 6, வெள்ளி

புது மேலாளர் அம்மாவின் உத்தரவு: வெள்ளிதோறும் கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து, அந்த வாரம் எது சறுக்கியது, ஏன் சறுக்கியது என்று பேச வேண்டும். யாரையும் திட்டக் கூடாதாம். பிறகு எதற்குக் கூட்டம்?

பேசினோம். அதாவது, மின்விசிறி பேசியது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மார்ச் 13, வெள்ளி

தப்பெல்லாம் துவைக்கும் மெஷினுடையது என்று ஒருமனதாக முடிவானது. மெஷின் மறுக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடியும் கரடி. மூன்றாவது மெமோ எழுதிவிட்டேன். வெள்ளியன்று கூட்டம் முடிந்ததும் கொடுக்க வேண்டும்.

மார்ச் 20, வெள்ளி

மேலாளர் அம்மா அந்த மூட்டையில் கட்டியிருந்த சீட்டை மேசையில் வைத்தார். “இது எந்த வார்டு?”

“ஒண்ணு” என்றார் மெஷின்காரர். “ஏழு” என்றார் இஸ்திரிக்காரர்.

ஒன்று ஆண்கள் வார்டு. ஏழு குழந்தைகள் வார்டு. சீட்டு எழுதுவது நான். வாங்கிப் பார்த்தேன் — எனக்கே தெரியவில்லை.

“எத்தனை நாளா இப்படி?” என்று கேட்டேன்.

“நான் வந்த நாள்லேர்ந்து சார்,” என்றார் வண்டியக்கா. “குத்துமதிப்பாத்தான் ஏத்துறேன்.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்ல வந்தேனே. ஒண்ணும் பேசாதீங்கன்னுட்டீங்க.”

ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது தேவலை. பையில் அந்த மெமோ வேறு. இத்தனை வருஷமா என் தப்புக்கு ஊரையே திட்டிட்டிருந்தேனா?

வீட்டில் சொன்னேன். மனைவி வியக்கவே இல்லை. “உங்க சீட்டை நம்பி ஏழு கிலோ வெங்காயம் சுமந்துட்டு வந்தவ நான். அன்னிக்கும் என்னைத்தானே திட்டினீங்க?”

மார்ச் 23, திங்கள்

பழைய மெமோ இரண்டையும் ரத்து செய்யச் சொல்லி மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். ‘தவறு நேர்ந்திருக்கலாம்’ — கிழித்தேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ — கிழித்தேன். நான்காவது தாளில்தான் ‘தவறு என்னுடையது’ வந்தது.

வண்டியக்காவிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார்” என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. “குழந்தைங்க மூட்டைக்குப் பச்சைக் கயிறு கட்டிடலாம்” என்றார். இன்றே கட்டினோம்.

ஏப்ரல் 17, வெள்ளி

மேலாளர் அம்மா விடுப்பு. கூட்டம் இருக்காது என்று நிதானமாக டீ குடித்துவிட்டுப் போனேன். உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு ஆரம்பித்தே விட்டிருந்தார்கள்.

“இன்னிக்கு என்ன சறுக்கல்?” என்று கேட்டேன்.

“நீங்க லேட்டா வந்தது,” என்றார் வண்டியக்கா. “ஏன்னு சொல்லுங்க சார்.”

உட்கார்ந்தேன். சொன்னேன்.