கெஞ்சாமல் கிளம்பும் கார்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே கார்புரேட்டரைத் தவிர எல்லோரும் நலம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு தூங்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதற்குச் செலவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் திருத்தம் போடுகிறார், கடைசியில் போனையே பிடுங்கிக்கொள்கிறார். காகிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. என் கையெழுத்து அவருக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

முதலில் கண் விஷயம். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். இடது கண்ணில் ஓரப்பார்வை போய்விட்டது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், போனது வராது, இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதீங்க சார் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். உன் அப்பா ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், சின்னப் பையன், அனுபவம் பத்தாது என்றார். அந்தச் சின்னப் பையனுக்குப் பேரன் இருக்கிறான். அடுத்த வாரமே கேட் தூணில் காரின் இடப்பக்கத்தை உரசிக்கொண்டு வந்து நின்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர், இந்தத் தூண் முன்னாடி இங்க இல்லடி என்றார். வீடு கட்டிய நாளிலிருந்து அது அங்கேதான் நிற்கிறது. அதற்கும் போக்கிடம் இல்லை, என்னைப் போல.

நீ ஓட்ட வேண்டியதுதானே என்பாய். ஓட்டலாம். நூலக வேனை ஓய்வு பெறும்வரை ஓட்டியவள் நான், பின்னால் அலமாரி அலமாரியாகப் புத்தகம் குலுங்கக் குலுங்கச் சந்துபொந்திலெல்லாம் ரிவர்ஸ் எடுத்தவள். ஆனால் நம் வீட்டுக் கார் என்னிடம் கிளம்பாது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிற சோக் குமிழைப் பாதி இழுக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு ஒரு மூச்சு சும்மா இருக்க வேண்டும். பிறகு சாவி. உறுமியதும் குமிழை ஒரு நூல் உள்ளே தள்ள வேண்டும். எந்த நூல் என்பது உன் அப்பாவுக்கு மட்டும் தெரியும். நான் செய்தால் பெட்ரோல் வாடை, இரண்டு இருமல், அவ்வளவுதான். உனக்குக் கை பழகாது, விடு என்பார். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வரும். இத்தனை வருடக் குடித்தனத்தில் வேறு எந்தத் துறையிலும் அவருக்கு இப்படி ஒரு தனியுரிமை கிடைக்கவில்லை, பாவம். நானும் விட்டுவைத்தேன்.

இந்த நிலையில்தான் கார் கடைத்தெரு முக்கில் படுத்துவிட்டது. டாக்டர் சொன்ன பிறகும் ஓட்டினாரா என்று கத்தாதே, ஓட்டினார், பால் வாங்கத்தானே என்றார், நானும் பக்கத்தில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்த்துக்கொண்டே போனேன், சைக்கிள் வருது, நாய் வருது, மனுஷன் வர்றான் என்று. அதற்குப் பிறகு பாலே வேண்டாம் என்றிருந்தது. முக்கில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. கடைக்காரர்கள் தள்ள வந்தார்கள். உன் அப்பா இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று உத்தரவு போட்டார். தள்ளியவர்களில் ஒருவர், ஐயா நீங்க இறங்கினாலே பாதி வேகம் வரும் என்றார்.

மெக்கானிக் வந்தார். நீ 'பாக்கலாம்' என்று பெயர் வைத்தாயே, அவர்தான். இப்போதும் எதைக் கேட்டாலும் பாக்கலாம் என்கிறார். ஆனால் இந்தத் தடவை, முடிஞ்சு போச்சு என்று நேராகவே சொல்லிவிட்டார். கார்புரேட்டருக்குள் காற்றை அளந்து விடும் தட்டு ஒன்று இருக்கிறதாம், அதன் தண்டு தேய்ந்து துளை வாயைப் பிளந்துவிட்டது, வேண்டாத காற்றெல்லாம் உள்ளே போகிறது, வேறு மாற்றினால்தான் உண்டு. உன் அப்பா நம்பவில்லை. மறுநாள் சமையலறைக்குள் போனால் என் பெரிய பாத்திரத்தில் கார்புரேட்டர் வெந்துகொண்டிருக்கிறது. வினிகர் போட்டு, மூடி போட்டு, தீயைக் குறைத்து. அழுக்கு போனா சரியாயிடும் என்றார். வெள்ளி மாதிரி பளபளவென்று வந்தது. துளை அப்படியேதான் இருந்தது. பாத்திரம் இனி நமக்கு உதவாது.

உன் மாமாவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. வந்தவன், போனில் நாலு படம் காட்டி, மச்சான், காத்து போக ரெண்டு தொண்டை வச்ச கார்புரேட்டரா வாங்குங்க, வண்டி பறக்கும் என்றான். எழுபது வயதில் எங்கே பறப்பது என்று இருவருமே யோசிக்கவில்லை. வரவழைத்தார்கள். மாட்டினார்கள். மாமா எல்லாம் அளந்திருந்தான், அகலம், துளைக்குத் துளை உள்ள தூரம், எல்லாம். உயரத்தை மட்டும் அளக்கவில்லை. பானெட் மூடவில்லை. உடனே இரண்டு பேரும் கூடிப் பேசி, பானெட்டில் ஒரு ஓட்டை போட்டுவிடலாம் என்று முடிவுசெய்து, சாக்பீஸால் வட்டமும் போட்டுவிட்டார்கள். நான் போய் பானெட் மேல் உட்கார்ந்துகொண்டேன். அக்கா, எறங்குக்கா, எல்லாரும் பாக்கிறாங்க என்றான். பார்க்கட்டும் என்றேன். இரண்டு தொண்டை திரும்பிப் போனது. மாமாவும் போனான், காபிகூடக் குடிக்காமல்.

அன்றைக்குச் சாயங்காலம் 'பாக்கலாம்' ஒரு வார்த்தை சொன்னார். இப்பெல்லாம் தானா திறக்கிற சோக்கோட வருது சார், பேட்டரியில இருந்து ஒரு வயர் கொடுத்துட்டா போதும், குமிழே வேண்டாம், யார் வேணா ஸ்டார்ட் பண்ணலாம். உன் அப்பா சட்டென்று, எனக்குப் பழைய மாடலேதான் வேணும், குமிழ் வச்சது என்றார். முகம் இறுகிவிட்டது. பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த என் கை நின்றது. ஓஹோ என்று அப்போதுதான் உறைத்தது. பழையது வந்தால் அவர் ஓட்டுவார், ஒருநாள் யாராவது ஒரு குழந்தை இடப்பக்கமாக ஓடி வரும். புதியது வந்தால் நான் ஓட்டுவேன், அவர் எழுந்து இடம் விட வேண்டும். இதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது பெட்ரோல் சிக்கனம் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம். வெகு நாகரிகமாக.

காருக்குப் பழைய சாமானும் புதுசும் விற்கிற கடைக்கு இருவரும் பஸ்ஸில் போனோம். நீளமான இருட்டுக் கடை, கூரைவரை ரேக்கு, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. கடைக்காரர் போனில் மேட்ச் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் என்று கை காட்டினார். உன் அப்பா தேடித் துழாவி அதே மாடலை எடுத்துவிட்டார். புதையல் கண்டவர் போல வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். பாத்தியா, நம்மளுதுக்கு உடன்பிறப்பு என்றார். நான் பார்த்தேன். போல்ட் மாட்டும் இடது காது உடைந்திருந்தது. பாதி இல்லை. அவர் பார்வை அதன்மேல் போகிறது, வருகிறது, நிற்கவில்லை. எனக்கு வாய் வரை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை பேசாமல் இருந்தேன். அவர் பாட்டுக்குத் தண்டை ஆட்டிப் பார்த்தார், நல்லா டைட்டா இருக்கு என்றார், விளிம்போடு கட்டைவிரலை ஓட்டினார். விரல் அந்த இடத்தில் நின்றது. மறுபடி போனது. மறுபடி நின்றது. தலையைத் திருப்பி, வலது கண்ணால் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நீ அப்பவே பாத்துட்டே இல்ல என்றார். ஆமாம் என்றேன். அதை எடுத்துக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே வைத்தார், பத்திரமாக, ஏதோ தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைப்பது போல.

கவுண்டரில் வந்து நின்று, புதுசு என்ன வச்சிருக்கீங்க என்றார். தானா திறக்கிற சோக்கா, கையால இழுக்கிறதா, யார் ஓட்டுறது என்று கடைக்காரர் கேட்டார், கண் போனை விட்டு எழவில்லை. உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டம்மாதான், தானா திறக்கிறதே குடுங்க, அவளுக்குப் பொறுமை கிடையாது என்றார். பஸ்ஸில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மாட்டியாகிவிட்டது. பானெட் மூடுகிறது. நேற்று நான் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், உடனே கிளம்பிவிட்டது. உன் அப்பா வெளியே நின்று, இதெல்லாம் ஒரு ஸ்டார்ட்டா, ஒரு கெஞ்சல் இல்ல, கொஞ்சல் இல்ல என்றார். பிறகு பின்கதவைத் திறந்து, முதலாளி மாதிரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். முன்னால் வாங்களேன் என்றேன். டிரைவர் பக்கத்துல உக்கார்ற பழக்கம் இல்ல என்றார். பிரேக் போட்டால் உச்சுக்கொட்டினார். கியர் மாற்றினால் பெருமூச்சு. வீடு திரும்பி வந்து சேரும்வரை ஒரு பாராட்டு இல்லை. ஆனால் கேட் தூணை நான் தாண்டியபோது பின்னால் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நீ இனிப் போனில் பேசும்போது, பாவம்ப்பா, கண் எப்படிப்பா இருக்கு என்று குழைந்துவிடாதே. இன்றைக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படிக் கேட்டுக் கேட்டு மனிதர் பாதியாகிவிட்டார். நீ சண்டை போடு. நல்ல காருக்குப் போய் அந்தப் புது கார்புரேட்டரை எதுக்குப்பா வாங்கினீங்க, உங்களுக்கு ரசனையே இல்லையா என்று கேள். அவர் கொதித்துப்போய், உனக்கென்னடி தெரியும், நான்தான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன் என்று அரைமணி நேரம் பேசுவார். பேசட்டும். குறுக்கே பேசாதே. எனக்குத் தெரிந்து சொட்டு மருந்தைவிட அது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லா வளமும் பெற்று, பிரேக் பிடிக்கும் வாழ்க்கையாக வாழ எங்கள் ஆசிகள். காது வலி என்றாயே, டாக்டரிடம் காட்டினாயா? காட்டவில்லை என்று தெரியும். நீ உன் அப்பாவின் மகள். நாளைக்கே போ.

இப்படிக்கு,
உன் அம்மா
(வீட்டு டிரைவர்)