கொதிக்கவைத்த மண் தண்ணீர்

இன்று காலை ஆஸ்பத்திரிக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வராந்தாவில் நின்றபடி உன்னைத் திட்டினேன். போய்ச் சேர்ந்தவளை இப்படித் திட்டுகிறாளே என்று கூட இருந்த நர்ஸ் முழித்தாள். நீ தை மாதம் போனாய். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அந்த வாந்திபேதி வருஷம் புதுக்கோட்டைக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு நர்ஸ் வேலைக்கு நம் இரண்டு பேரையும் அனுப்பினார்களே. சலைன் போதவில்லை. பிழைக்கக்கூடியவர்களுக்கு முதலில் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் வேறென்ன செய்வார்? கடைசி வரிசையில் கிடந்த வயசாளிகளுக்கு ஏற்ற ஒன்றுமில்லை. அந்த வரிசையை நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டாய். கெண்டைக்கால் இழுத்தால் வெந்நீர்ப் பாட்டில் வைத்தாய், துணி மாற்றினாய், உதட்டை நனைத்தாய். அதோடு விட்டாயா? எந்த ஊர், எந்தச் சாமி, எந்தக் குழம்பு பிடிக்கும், யாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்று நோண்டி நோண்டிக் கேட்டாய். சாகக் கிடக்கிறவர்களிடம் என்ன விசாரணை என்று நான் எரிந்து விழுந்தால், “தெரிஞ்சுக்கிறணும்டி” என்பாய். அவ்வளவுதான் உன் பதில்.

கீரனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர்தான் உனக்குப் பிடி கொடுக்கவில்லை. நாக்கு வறண்டு ஒட்டிக் கிடந்தது. கண்ணோ தண்ணீர்க் குவளையின் பின்னாலேயே போய்வந்தது. கிட்டே கொண்டுபோனால் மட்டும் உதட்டை இறுக மூடிக்கொள்வார். ஏன் என்று தெரியாமல் உனக்குச் சோறு இறங்கவில்லை.

சொந்தக்காரர்கள் உள்ளே வராமல் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் மகன், “மண்ணாசைதாங்க. அதான் உசுரு போகாம இழுத்துக்கிட்டுக் கெடக்கு” என்றான். சொந்த வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து மகன் கையால் ஊற்றினால் நிம்மதியாகப் போவார் என்பது நம் பக்கத்து வழக்கம். நீ போய் டாக்டரிடம் நின்றாய். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில், கொதிக்கவைத்து ஆறவிட்டுத் தெளிந்ததைக் கொடுங்கள், மகன் கை கழுவிவிட்டு வரட்டும் என்றார். மண்ணைக் கொதிக்கவைத்தால் ஆசையும் வெந்துவிடுமா என்று அடுப்பருகில் நின்று மெய்யாகவே கேட்டாயே, பாவி!

மகன் கரண்டியை நீட்டினான். பெரியவர் வாயைத் திறந்தார். ஒரு மடக்கு விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்து, இது நம்ம வயல் மண் இல்லையே என்றார். ஊரை அடைத்துவிட்டார்கள், உள்ளே போக முடியவில்லை, பாலத்தோரம் அள்ளினேன் என்று மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. குனிந்து கேட்டாய்.

“ஐயா, நாங்க குடுத்தா மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டீங்க?”

“தண்ணி பட்டா உசுரு போயிரும், யாரு குடுத்தாலும் குடிக்காதீங்கன்னு எம்மவன் சொல்லிட்டான் தாயி.”

வாந்திபேதி கண்டவருக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பதுதானே ஊரெல்லாம் பேச்சு. அப்பன் பிழைக்க வேண்டுமே என்ற பயத்தில் சொன்னவன் அவன். கரண்டியை வைத்துவிட்டுக் குவளையை எடுத்தான். “குடிங்கப்பா. நாந்தான் சொல்றேன், குடிங்க” என்றான். குவளை குவளையாகக் குடித்தார். பாதி வெளியே வந்தது, மறுபடியும் கேட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் மகன் மடியிலேயே போய்விட்டார்.

வந்த அன்றைக்கே இதைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அதற்கப்புறம் எத்தனை தடவை என்னைக் குடைந்தாய். தெரியாது என்றேன். இன்றைக்கும் தெரியாது.

இப்போது வாயை மூடிக்கொண்டு கிடப்பவரைக் கண்டால், உங்களுக்கு வேண்டாமென்று சொன்னது யார் என்றுதான் முதலில் கேட்கிறேன். பெரும்பாலும் வீட்டில் பிரியமான ஒருவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

நீ திருச்சியில் நெஞ்சுச்சளி முற்றிக் கிடந்தபோது, எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று சொன்னாயாம். உன் தங்கை வந்து சொன்னாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்கிறேன்: நான் வர வேண்டாமென்று உனக்குச் சொன்னது யாருடி?