பதினாலிலேயே நிற்கும் வேந்தன்

9 அக்., வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஒன்றுகூட நகரவில்லை. எஸ்டேட் ஆபீசில் எனக்கும் வேலையில்லை. ஆறாவது புத்தகத்தைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு வரி. அதையும் அடித்தாயிற்று.

செய்ய வேண்டியவை: முறுக்கு மாவு. அம்மாவின் பிரஷர் மாத்திரை. நாளைக்குப் பள்ளிக்கூடப் பேச்சு. ரவிக்கு இந்த வருட அத்தியாயம்.

கடைசியைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். தம்பி ரவி இறந்துபோனதிலிருந்து ஒரு தீபாவளிகூட விட்டதில்லை. தீபாவளிக்கு முதல் நாள், இறந்தவர்களுக்கு வைக்கும் படையலில் அம்மா அவனுக்கு ஒரு புதுச் சட்டை வைப்பார், நான் ஒரு அத்தியாயம் வைப்பேன். புத்தகமானது எல்லாம் அப்புறம்.

10 அக்., வெள்ளி

அரை நாள் லீவு. போர்ட்டிக்சன் இடைநிலைப்பள்ளி, தமிழ்மொழிக் கழகம். தலைப்பு அவர்களே கொடுத்தது: இளையோருக்கு ஏன் மாயக் கதை எழுதுகிறேன். கற்பனை வளம், மொழி வளம் என்று அளந்துவிட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். குற்றமில்லை, எனக்கே வந்தது.

உண்மை வேறு. எங்கள் ஊர் சுவாவிலிருந்து பள்ளி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ரவிக்குக் கதை சொல்வேன். ரப்பர் மரத்தில் ஒரு கதவு, அதற்குள்ளே வேறொரு தோட்டம், அங்கே வேந்தன் என்று ஒரு பையன். பஸ் நின்றதும் "மிச்சம் நாளைக்கு." டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "வேந்தன் என்ன ஆனான்க்கா?" என்றுதான் கேட்டான். பதினாலு வயது. என் வாசகன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் கூட வந்தவர்கள்.

கடைசியில் ஷாமினி என்று ஒரு படிவம் இரண்டு மாணவி எழுந்தாள். "ஆன்ட்டி, அஞ்சு புக்கும் படிச்சிட்டேன். வேந்தன் ஏன் இன்னும் பதினாலாவே இருக்கான்? அடுத்த வருசம் எனக்கு பதினஞ்சு. அவன் எனக்கு தம்பி ஆயிடுவான் லா. அப்புறம் எப்படி படிக்கிறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காருக்குள் வந்து அழுதேன்.

14 அக்., செவ்வாய்

வெயில். முறுக்கு சுட்டாயிற்று, பாதி கருகல்.

வேந்தனுக்குப் பதினைந்து என்று எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை. அவனை வளர்த்துவிட்டால் ரவி மட்டும் அங்கேயே தனியாக நிற்பானே. வளர்க்காவிட்டால் ஷாமினி போய்விடுவாள். அவள் வயதில் தமிழ்ப் புத்தகம் கையில் எடுப்பவர்கள் எத்தனை பேர்.

18 அக்., சனி

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்குக் காலில் கட்டு. எப்போதும் அவர்தான் அம்மாவைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போவார். இந்த வருடம் நான். சிரம்பான் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை.

கடைப் பெண்: "யாருக்கு பாட்டி?"

"மகனுக்கும்மா. போன வருசம் எல் எடுத்தேன். இந்த வாட்டி எக்ஸ்எல் குடு. தொப்பை வச்சிருக்கும். கலரு பளிச்சுனு வேணாம், நாப்பது தாண்டின ஆளு."

அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சட்டைப் பெட்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை. படையல் முடிந்ததும் அம்மா கோயிலில் யாருக்காவது கொடுத்துவிடுவார். சின்னச் சட்டை என்றே நினைத்திருந்தேன், இத்தனை காலமும்.

காரில் கேட்டேன்: "எல்லா வருசமும் இப்படிப் பார்த்துப் பார்த்துதான் எடுத்தீங்களாம்மா?"

"பின்ன? உனக்கு நரைக்குது, உன் தம்பிக்கு நரைக்காதா? சின்னப்புள்ள சட்டைய வச்சா எப்படிப் போடுவான்?"

சிக்னல் பச்சை விழுந்தது தெரியவில்லை. பின்னால் ஹார்ன்.

இவர் பெற்ற பிள்ளையை இவர் வளர்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நிறுத்தி வைத்தது நான்தான்.

19 அக்., ஞாயிறு

தூறல். படையல். அப்பா படத்துக்கு முன்னால் ஸ்டவுட் பீர் பாட்டில், ஆட்டுக்கறி. ரவி படத்துக்கு முன்னால் கோழிப் பொரியல், மைலோ, எக்ஸ்எல் சட்டை. சாம்பல் நிறம்.

என் பங்கு ஒரு பக்கம்தான். வேந்தன் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்கிறான். முதல் தடவை. கன்னத்தில் கீறல். வெளியே யாரோ கூப்பிடுகிறார்கள், அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கிறான். எழுத்து அங்கேயே நின்றுவிட்டது. ரவிக்குக் குரல் உடையவே இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

காகிதத்தை இலை ஓரத்தில் வைத்தேன். வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். அவர்கள் சாப்பிடும்போது நாம் பார்க்கக்கூடாது.

"அம்மா, ரவி குரல் இப்ப எப்படி இருக்கும்?"

யோசிக்கவே இல்லை. "உங்கப்பா குரல்தான். போன்ல பேசினா, அப்பனா மகனான்னு தெரியாது."

பிறகு உதட்டில் விரல் வைத்தார். "சத்தம் போடாத. சாப்பிடட்டும்."